முகப்பிரும் ரிப்பீட்டரும்: சிக்னல் எப்படித் தூரம் கடக்கிறது?



நாவலூர், தாழம்பூர், படூர் பகுதிக் குடும்பங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. முதல் கேள்வி: "வைஃபை ரிப்பீட்டர் வாங்கிப் பிள்ளை படிக்கும் அறையிலேயே மாட்டினோம். சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. ஆனால் வகுப்பு வீடியோ நின்று நின்றுதான் வருகிறது. ஏன்?" இரண்டாவது கேள்வி: "வீட்டுக்குள் போன் பேசவே முடியவில்லை. மொபைல் பூஸ்டர் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கி மாட்டலாமா?"

இரண்டுக்கும் பதில் ஒரே பாடத்தில் இருக்கிறது. ரிப்பீட்டர் என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் முதல் கேள்வியில் பணம் மிச்சமாகும். இரண்டாவது கேள்வியில் நம் அண்டை வீட்டாரின் உரிமையும் அடங்கியிருப்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சிக்னல் ஏன் தேய்கிறது?

செய்தி எந்த வழியாகப் போனாலும், அது காற்றோ, செப்புக் கம்பியோ, கண்ணாடி இழையோ, போகப் போக இரண்டு காரியங்கள் நடக்கின்றன.

ஒன்று, சிக்னலின் பலம் குறைகிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் பலம் நான்கில் ஒரு பங்காகிவிடும். இடையில் கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பெரிய கண்ணாடி இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். நம் பகுதி அடுக்குமாடி வீடுகளில் சுவருக்குள் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றியிருப்பதால், முன்னறையில் நன்றாக வரும் வைஃபை மூன்றாவது அறையில் காணாமல் போகிறது.

இரண்டு, இரைச்சல் சேர்கிறது. பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, கருவிகளுக்குள் தானாக எழும் மின் சலசலப்பு எல்லாம் இரைச்சல்தான். கல்யாண வீட்டில் ஒருவர் மெதுவாகப் பேசினால் நமக்குக் கேட்காது. அவர் குரல் இல்லாமல் போய்விடவில்லை, சுற்றியுள்ள சத்தத்தில் மூழ்கிவிட்டது. சிக்னலும் அப்படித்தான். அதன் பலம் எவ்வளவு என்பதைவிட, இரைச்சலுக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதே முக்கியம்.

சிக்னலை டெசிபல் என்ற அளவில் கணக்கிடுவார்கள். இதில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகும், 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வைஃபை அளக்கும் செயலியில் ஓர் அறையில் மைனஸ் 60 என்றும் மற்றோர் அறையில் மைனஸ் 90 என்றும் காட்டினால், பார்க்க சிறிய வித்தியாசம் போலத் தெரியும். உண்மையில் இரண்டாவது அறைக்கு வந்து சேர்வது முதல் அறையில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

முகப்பிர் சொல்லித்தரும் பாடம்

ரிப்பீட்டரின் வேலையைப் புரிந்துகொள்ள நாம் வெளியே எங்கும் தேட வேண்டாம். பெருநாள் தொழுகையில் மைதானம் நிறைந்திருக்கிறது. மின்சாரம் போய் மைக் நின்றுவிட்டது. இமாமின் தக்பீர் முதல் சில வரிசைகளுக்குத்தான் கேட்கும். அப்போது நடு வரிசையில் ஒருவர் அந்தத் தக்பீரைக் கேட்டு உரக்கச் சொல்வார். பின் வரிசைகள் அதைக் கேட்டு ருகூவும் ஸஜ்தாவும் செய்யும். அவர்தான் முகப்பிர். நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது அமர்ந்து தொழுவித்தார்கள். அப்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் நபியவர்களின் தக்பீரை மக்களுக்குக் கேட்கும்படி எடுத்துச் சொன்னார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது.

முகப்பிரின் வேலையில் மூன்று நிபந்தனைகள் உண்டு. அவர் முதலில் இமாமைத் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும், தம் சொல்லைச் சேர்க்கக் கூடாது. தவறாகக் கேட்டுத் தவறாகச் சொன்னால், அவருக்குப் பின்னால் உள்ள எல்லா வரிசைகளும் தவறும். ஆகவே அவர் நிற்க வேண்டிய இடம் இமாமின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும் நடு வரிசை. கடைசி வரிசையில் அவரை நிறுத்தினால், எவ்வளவு பெரிய குரல் உள்ளவராக இருந்தாலும் என்ன பயன்? அவருக்கே கேட்கவில்லையே.

ரிப்பீட்டரும் இப்படித்தான். அது சிக்னலை உண்டாக்குவதில்லை. தன்னிடம் வந்ததை வாங்கி, பலப்படுத்தி, முன்னே அனுப்புகிறது.

பெருக்குவதும் புதிதாக எழுதுவதும்

இந்த வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம்.

முதல் வகை வெறும் பெருக்கி. வந்ததை அப்படியே பெரிதாக்கும். சிக்னலோடு இரைச்சலும் வந்திருந்தால் அதையும் சேர்த்தே பெரிதாக்கும். ஜெராக்ஸ் எடுத்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்தோடு கறையும் கருத்து வருகிறதே, அதைப் போல. பத்தாவது பிரதியில் கறை எது, எழுத்து எது என்று தெரியாது.

இரண்டாவது வகை, வந்ததைப் படித்துப் பார்த்துப் புதிதாக எழுதி அனுப்பும். கணினிச் செய்தி எல்லாம் 0, 1 என்ற இரண்டே எழுத்துகளால் ஆனது. வந்திருப்பது மங்கலாக இருந்தாலும், இது 0, இது 1 என்று தீர்மானிக்க முடிந்தால் போதும். பழைய கறையை விட்டுவிட்டு, வடிவத்தையும் நேரத்தையும் சரிசெய்து சுத்தமாக எழுதிவிடலாம். மங்கிய ஜெராக்ஸைப் பார்த்து மறுபடி டைப் அடிப்பது போன்றது இது. எத்தனை முறை செய்தாலும் எழுத்து தெளிவாகவே இருக்கும். ஆனால் படிக்கவே முடியாத அளவுக்கு மங்கிவிட்டால் இதனாலும் காப்பாற்ற முடியாது. 0 என்பதை 1 என்று படித்துவிட்டால், அந்தத் தவறு சுத்தமான எழுத்தில் முன்னே போகும்.

இரண்டு வகைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. சிக்னல் கெடுவதற்கு முன்பே ரிப்பீட்டர் அதைப் பிடித்துவிட வேண்டும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு

இந்த விதி பெரிய அளவில் வேலை செய்யும் இடம் நமக்குப் பக்கத்துக் கடலில்தான் இருக்கிறது. சிறுசேரி சிப்காட் வழியாகப் போகும்போது நாம் பார்க்கும் தரவு மையங்களிலிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் செய்திகளில் பெரும்பங்கு வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள்களில்தான் பயணம் செய்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் சுமார் 3,200 கி.மீ. நீளக் கேபிள் 2002இலேயே வந்துவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னை–அந்தமான் நிக்கோபார் கேபிள். 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்து வைக்கப்பட்டது. பிஎஸ்என்எல் நிறுவனம் செயல்படுத்திய இத்திட்டத்தின் மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து சுவராஜ் தீப், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் அது போகிறது. அதற்கு முன் அந்தமானில் இணையம் முழுக்க செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. வேகமும் குறைவு, செலவும் அதிகம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சென்னையில் படிக்கும் பிள்ளையின் முகத்தை வீடியோவில் பார்ப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இன்றைய கண்ணாடி இழை மிகத் தூய்மையானது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல்தான் இழப்பு. அப்படியிருந்தும் 50 கி.மீ. போனால் ஒளி பத்தில் ஒரு பங்காகிறது. 100 கி.மீ.யில் நூறில் ஒரு பங்கு, 150 கி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,300 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் இழப்பு 260 டெசிபல். அதாவது ஒன்றுக்குப் பின் 26 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு. சென்னைக் கரையிலிருந்து ஒரு மில்லிவாட் ஒளியை இடைவிடாமல் அனுப்பினாலும், மறுகரைக்கு ஒரே ஒரு ஒளித்துகள் வந்து சேரச் சுமார் 400 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

அதனால்தான் இத்தகைய நீண்ட கடற்கேபிள்களில் பொதுவாக 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக ரிப்பீட்டர்களைக் கோத்துக் கடலின் அடியில் இறக்குகிறார்கள். உள்ளே எர்பியம் என்ற தனிமம் கலந்த சில மீட்டர் நீளக் கண்ணாடி இழை இருக்கும். ஒரு சிறிய லேசர் அந்த எர்பியம் அணுக்களுக்குச் சக்தி ஊட்டி வைக்கும். களைத்து வரும் ஒளி அந்த இழைக்குள் நுழைந்ததும், அணுக்கள் தங்கள் சக்தியை அதே நிற ஒளியாக விட்டுக்கொடுக்கும். ஒளி மறுபடி பலம் பெற்று வெளியேறும். கடலடியில் மின்சாரம் ஏது என்று கேட்கலாம். கேபிளுக்குள்ளேயே ஒரு செப்புக் கடத்தி ஓடுகிறது. கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில், சுமார் 1 ஆம்பியர் அளவில் மின்சாரம் அதன் வழியே போய் எல்லா ரிப்பீட்டர்களுக்கும் உயிர் கொடுக்கிறது.

இது முதல் வகை, அதாவது பெருக்கி. ஆனால் தொடக்கத்திலேயே இப்படி இருக்கவில்லை. 1956இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிளில், போகும் கேபிளில் 51, வரும் கேபிளில் 51 என ரிப்பீட்டர்கள் இருந்தன. அவற்றில் பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற வால்வுகள் எரிந்தன. 1988இல் அதே கடலில் முதல் கண்ணாடி இழைக் கேபிள் வந்தபோது, ரிப்பீட்டர்கள் ஒளியை மின்சாரமாக மாற்றி, படித்து, மறுபடி ஒளியாக எழுதி அனுப்பின. அது இரண்டாவது வகை. எர்பியம் முறை 1980களின் இறுதியில் உருவாகி, 1990களின் நடுவில் கடலுக்குள் இறங்கியது. இது ஒரே இழையில் பல நிறங்களில் போகும் செய்திகளை ஒரே நேரத்தில் பலப்படுத்தும். இடையில் சேரும் இரைச்சலால் வரும் தவறுகளைக் கரையில் உள்ள கருவிகள் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்கின்றன.

கடலடியில் ஒரு ரிப்பீட்டர் பழுதானால் கப்பலை அனுப்பிக் கேபிளைத் தூக்கித்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் 25 ஆண்டுகள் உழைக்கும்படி அவற்றைச் செய்கிறார்கள்.

100 மீட்டர் விதி

கடலிலிருந்து நம் கட்டடத்துக்கு வருவோம். கணினிக்கும் சிசிடிவி கேமராவுக்கும் இழுக்கும் செப்பு நெட்வொர்க் கேபிளுக்கு ஓர் எல்லை உண்டு. அது 100 மீட்டர். பள்ளிவாசல் அலுவலகத்திலிருந்து வாசல் கேட்டுக்கோ, மதரஸாவின் மறுகோடிக்கோ 140 மீட்டர் கேபிளை ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறார்கள். பகலில் படம் வரும், இரவில் விட்டுப்போகும். கேமராவைக் குறை சொல்லி மாற்றியும் பலனிருக்காது. 100 மீட்டருக்கு முன்பாக ஒரு சிறிய சுவிட்ச் வைத்தால் போதும். அது செய்தியைப் படித்துப் புதிதாக எழுதி அனுப்பும். அங்கிருந்து இன்னொரு 100 மீட்டர் போகலாம். வேலையை ஒப்படைக்கும்போதே, "மொத்த நீளம் எவ்வளவு? நடுவில் சுவிட்ச் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டு வைஃபை: முதல் கேள்விக்குப் பதில்

பிள்ளையின் அறையில் ரிப்பீட்டரை மாட்டிய குடும்பம், முகப்பிரைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டது. போனில் முழுதாகத் தெரியும் கோடுகள், போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னலைத்தான் காட்டும். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நிலை என்பதைக் காட்டாது. அந்தப் பாதி வழி பலவீனமாக இருந்தால், இந்தப் பாதி எவ்வளவு பலமாக இருந்தும் வீடியோ நிற்கத்தான் செய்யும்.

இடம் தேர்ந்தெடுக்க எளிய வழி இருக்கிறது. போனை ரூட்டரோடு மட்டும் இணைத்து, வகுப்பு வீடியோவை ஓடவிட்டு, பிள்ளையின் அறையை நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள். வீடியோ தடங்கலின்றி ஓடும் கடைசி இடம் எதுவோ, அதற்கு ஓரிரு அடி முன்னே ரிப்பீட்டரை வையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதற்குப் பின்னால் இன்னொன்றை வைத்தால் கால்வாசியாகும். ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து, மறு அறையில் இரண்டாவது வைஃபை கருவி வைப்பதே எல்லாவற்றிலும் நல்லது. எதையும் வாங்குவதற்கு முன், டிவி அலமாரிக்குள்ளும் ஃப்ரிட்ஜ் பின்னாலும் இருக்கும் ரூட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும், செலவும் இல்லை.

மொபைல் பூஸ்டர்: இரண்டாவது கேள்விக்குப் பதில்

வீட்டு வைஃபை ரிப்பீட்டர் வைக்க உரிமம் தேவையில்லை. அது பயன்படுத்தும் அலைவரிசைகளை அரசு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மொபைல் அலைவரிசை அப்படியல்ல. நிறுவனங்கள் அரசிடம் ஏலத்தில் பெற்று, ஆயிரக்கணக்கானோருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அது.

மொபைல் பூஸ்டரில் இரண்டு ஆண்டெனா உண்டு. வெளியே உள்ளது டவரைக் கேட்கும், உள்ளே உள்ளது நம் போனுக்குச் சொல்லும். நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆனால் அது எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. நம் போனின் குரலைப் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. தரமற்ற பெருக்கி என்பதால் இரைச்சலையும் சேர்த்து, நமக்குச் சம்பந்தமில்லாத அலைவரிசைகளிலும் கத்துகிறது. இரண்டு ஆண்டெனாவும் நெருக்கமாக இருந்தால், தன் குரலைத் தானே கேட்டு மறுபடி மறுபடி பெருக்கும். மைக்கை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோனால் கீச்சென்று அலறுமே, அதே அலறல்தான் இதுவும். நம் காதுக்குத்தான் கேட்காது. டவருக்குக் கேட்கும்.

டவரின் காது மிக நுட்பமானது. தொலைவில் உள்ள ஒரு சிறிய போனின் மெல்லிய குரலையும் பிடிக்கக்கூடியது. அதன் அருகே ஒருவர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால், அந்த மெல்லிய குரல் மூழ்கிவிடும். அதே டவரை நம்பியிருக்கும் பக்கத்துத் தெருவில் பேச்சு அறுந்துபோகும். போன்கள் சத்தமாகப் பேச முயன்று பேட்டரியைத் தீர்க்கும். நள்ளிரவில் நெஞ்சுவலியால் துடிக்கும் ஒரு பெரியவருக்காக 108ஐ அழைக்கும் மகனின் அழைப்பும் போகாமல் போகலாம். அது நம் பூஸ்டரால்தான் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. அனுமதியின்றி இத்தகைய கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டமே குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதற்குத் தண்டனை உண்டு. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் மொபைல் ரிப்பீட்டர், பூஸ்டர் வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் அறிவுறுத்தியது. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் ஒரு பொருள் அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. தொழுகையில் போன் அடிக்கிறதே என்று ஜாமர் வைக்க நினைக்கும் நிர்வாகிகளுக்கும் இதே பதில்தான். அதுவும் சட்டவிரோதம். வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை போதும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அண்டை வீட்டாரின் உரிமையை நபி (ஸல்) அவர்கள் எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள் என்பது நாம் அறிந்ததே. நம் வீட்டில் நாலு கோடு சிக்னல் கூடுவதற்காக, முகம் தெரியாத ஓர் அண்டை வீட்டாரின் அவசர அழைப்பை அறுப்பது நமக்கு ஆகுமானதல்ல. ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள், தெரியாமல் செய்ததைப் பற்றி வருந்திக்கொண்டிருக்காமல், இன்றே அதன் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?

1. வீட்டில் வைஃபை இருந்தால், போனின் அமைப்புகளில் "வைஃபை காலிங்" என்பதை இயக்குங்கள். 2019 இறுதியிலிருந்து நம் நாட்டில் இவ்வசதி பரவலாகிவிட்டது. உங்கள் எண்ணிலிருந்தே, வைஃபை வழியாக அழைப்பு போகும், வரும்.

2. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் ரூட்டரும் நின்றுவிடும். முதியோர் உள்ள வீடுகளில் ரூட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வையுங்கள்.

3. ஒரே கட்டடத்தில் பலருக்கும் சிக்னல் இல்லையென்றால், குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் நிறுவனத்துக்குக் கூட்டாக எழுதுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டடத்துக்குள் முறையான ரிப்பீட்டர் அமைக்கும் உரிமை நிறுவனங்களுக்கு உண்டு.

4. வேறொரு நிறுவனத்தின் சிக்னல் உங்கள் வீட்டில் நன்றாக இருக்கிறதா என்று உறவினரின் போனை வைத்துப் பாருங்கள். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றைப் பேசலாம்.

அ) கண்ணாடி இழையில் 200 கி.மீ. போன பின், ஒளி எத்தனையில் ஒரு பங்காக இருக்கும்?

ஆ) ஜெராக்ஸ் எடுப்பதற்கும் பார்த்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு வகை ரிப்பீட்டர்களோடு ஒப்பிட்டுச் சொல்.

இ) நம் வீட்டில் ரிப்பீட்டர் வைக்க ஏற்ற இடம் எது? போனை எடுத்துக்கொண்டு நடந்து கண்டுபிடி.

(முதல் கேள்விக்கு விடை: பத்தாயிரத்தில் ஒரு பங்கு.)

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அல்லாஹ் தருவானாக. நம்மால் எவருக்கும் தொல்லை நேராமல் காப்பானாக. ஆமீன்.